மடிந்த புல்லின் கணக்கு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்குக் கடற்கரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். ஆனால் அந்நாட்டின் அட்லாண்டிக் கரையோர உவர் சதுப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சிறு கரைக்குள் அடங்கிக் கிடக்கிறது. கடலை ஒட்டி வரிசையாக மணல் தீவுகள். அவற்றுக்கும் நிலத்துக்கும் நடுவே சேற்று வெளி. அந்த வெளியை நாளுக்கு இருமுறை நனைத்து வடியும் ஓதம். 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் அந்த உப்பு நீரில் வேரூன்றி நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு புல். ஸ்பார்டினா ஆல்டர்னிஃப்ளோரா என்பது அறிவியலில் அதற்கு நெடுநாள் வழங்கிய பெயர். ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு மேல் ஓங்கும் அதே புல், உள்ளே தள்ளிப் போனால் முழங்கால் அளவோடு நின்றுவிடும்.

இந்தப் புல்லைப் பச்சையாக மேய்கிறவை குறைவு. வெட்டுக்கிளிகளும் சாறுறிஞ்சும் பூச்சிகளும் சேர்ந்து உண்பது அதன் ஆண்டு விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழ். மீதியெல்லாம் நின்ற இடத்திலேயே காய்ந்து மடிகிறது. ஆண்டுதோறும் இப்படி மடியும் புல் எங்கே போகிறது?

அதற்கு மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. ஓதத்தோடு கடலுக்குப் போகலாம். நுண்ணுயிர்கள் தின்று தீர்த்து, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கலாம். சேற்றுக்குள் புதைந்து தங்கலாம். எந்த வழியில் எவ்வளவு என்ற கேள்விக்கு அறிவியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடையைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடை கழிமுகத்து மீன்வளத்தையும், கடல்மட்டம் உயரும்போது சதுப்பு பிழைக்குமா என்பதையும், மண்ணில் கார்பனைச் சேமிப்பதாகச் சொல்லும் இன்றைய திட்டங்களின் நம்பகத்தையும் தொட்டுச் செல்கிறது.

சேப்பலோ தீவின் வரவு செலவு

சேப்பலோ, ஜார்ஜியாவின் கரையோரத் தீவுகளில் ஒன்று. புகையிலைத் தொழிலில் செல்வம் திரட்டிய குடும்பத்தைச் சேர்ந்த ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஜூனியர் ஒரு காலத்தில் அத்தீவின் பெரும்பகுதிக்கு உரிமையாளர். அவருடைய ஆதரவோடு 1953இல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் அங்கே ஒரு கடல் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அதற்குப் பின்னணியில் இருந்தவர் சூழலியல் அறிஞர் யூஜின் ஓடம். பல நாடுகளில் மாணவர்கள் படித்த அவருடைய சூழலியல் பாடநூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

நிலையத்தில் பணியாற்றிய ஜான் டீல், சதுப்பின் ஆற்றல் வரவு செலவை எழுத முனைந்தார். சூரிய ஒளியிலிருந்து புல் பெறுவது எவ்வளவு, அது தனக்கே செலவழிப்பது எவ்வளவு, பூச்சியும் நண்டும் நத்தையும் பாக்டீரியாவும் சுவாசத்தில் எரிப்பது எவ்வளவு என்று இனவாரியாகக் கணக்கிட்டார். 1962இல் வெளியான அவருடைய கட்டுரையின் முடிவு, அடுத்த இருபது ஆண்டு ஆய்வுகளுக்குத் திசை காட்டியது: சதுப்பின் நிகர விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு, அங்குள்ள உயிர்கள் பயன்படுத்துவதற்கு முன்பே ஓதத்தோடு கழிமுகத்துக்குப் போய்விடுகிறது.

அந்த 45 எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓடை நீரில் சருகைப் பிடித்து எடை போட்டு வந்த எண் அல்ல அது. தெரிந்த செலவுகளையெல்லாம் கூட்டி, வரவிலிருந்து கழித்து, உதைத்த மீதியைக் கடலின் பேரில் எழுதியதால் வந்தது.

ஆனாலும் கருத்து பொருத்தமாகவே பட்டது. 1967இல் ஓடமும் அர்மாண்டோ டி லா குரூஸும் ஓடைகளில் மிதந்து போகும் மட்கிய துகள்களை ஆராய்ந்தார்கள். சருகு துகளாகச் சிதையச் சிதைய அதில் புரதத்தின் விழுக்காடு கூடிக்கொண்டே போவதைக் கண்டார்கள். புல்லின் மாவுச்சத்தும் நாரும் கரைந்து போக, அதன் மேல் குடியேறிய நுண்ணுயிர்களின் உடல் சேர்வதால் நேரும் மாற்றம் அது. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் பச்சைப் புல்லைவிட மட்கிய துகள் சத்தான இரை என்ற எண்ணம் இதனால் வலுத்தது. வளம் மிகுந்த சதுப்பு தன் உபரியைக் கடலுக்கு அள்ளி வழங்குகிறது என்ற கருதுகோளை 1968இல் ஓடம் முன்வைத்தார்.

அதே ஆண்டில் ஜார்ஜியாவின் சதுப்புகளைத் தோண்டிப் பாஸ்பேட் எடுக்க ஒரு சுரங்க நிறுவனம் அனுமதி கேட்டது. எதிர்ப்பு கிளம்பியது. சதுப்பு வெறும் சகதி அல்ல, கடலோர மீன்வளத்தின் ஆதாரம் என்ற வாதம் அப்போது கைகொடுத்தது. 1970இல் கடலோரச் சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டத்தை அம்மாநிலம் இயற்றியது. மடிந்த புல் கடலுக்குப் போகிறது என்ற கணக்குக்கு அந்தச் சட்டத்தில் பங்கு உண்டு.

கடலில் புல்லைக் காணோம்

சட்டம் நின்றது, கணக்கு நிற்கவில்லை. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் நிக்சன், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக வைத்து 1980இல் ஒரு நெடிய மதிப்பாய்வு எழுதினார். இருபது ஆண்டுக் கால ஊகமும் ஆராய்ச்சியும் என்று ஊகத்தை முன்னால் வைத்தே அதற்குத் தலைப்பிட்டார். சில சதுப்புகள் கரிமப் பொருளை வெளியே அனுப்புகின்றன, சில உள்ளே வாங்குகின்றன, அனுப்புகிறவையும் மீன்வளத்தைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு அனுப்புவதாகச் சான்று இல்லை என்பது அதன் சாரம். ஓடையின் வடிவம், ஓதத்தின் வீச்சு, புயல் ஆகியவற்றைப் பொறுத்து விடை இடத்துக்கு இடம் மாறியது.

இன்னொரு அடி சேப்பலோவிலிருந்தே விழுந்தது. அங்கே பணியாற்றிய எவலின் ஹேன்ஸ் கார்பன் ஐசோடோப்புகளைக் கையில் எடுத்தார். கார்பனில் 12, 13 என இரண்டு நிலையான வகைகள் உண்டு. ஸ்பார்டினாவின் ஒளிச்சேர்க்கை, கரும்பும் சோளமும் பின்பற்றும் முறையைச் சேர்ந்தது. அம்முறையில் கார்பன் 13 சற்றுக் கூடுதலாகச் சேரும். அறிவியலாளர்கள் பயன்படுத்தும் அளவுகோலில் ஸ்பார்டினா ஆயிரத்துக்குக் கழித்தல் 13 அளவிலும், நீரில் மிதக்கும் நுண்பாசிகள் கழித்தல் 21 அளவிலும் நிற்கின்றன. கழிமுக நீரில் மிதக்கும் துகள்கள் புல்லிலிருந்து வந்தவை என்றால் அவற்றின் எண் 13இன் பக்கம் இருக்க வேண்டும். ஹேன்ஸ் அளந்தபோது அது பாசியின் பக்கம் சாய்ந்திருந்தது. 1977இல் அவர் இதை வெளியிட்டார். கழிமுகத்தை நிறைத்திருப்பதாக நம்பிய ஸ்பார்டினாத் துகள்கள் அங்கே பெரிதாக இல்லை.

கடலுக்குப் போகவில்லை என்றால், மடிந்த புல் சதுப்பிலேயேதான் தீர்ந்தாக வேண்டும். எப்படித் தீர்கிறது என்பது அடுத்த கேள்வியாயிற்று.

நைலான் பைக்குள் நடப்பது

சருகு மட்கும் வேகத்தை அளக்க எளிய கருவி ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1957இல் இங்கிலாந்தின் காட்டுச் சருகுகளை ஆராய்ந்த போகாக், கில்பர்ட் என்ற இருவர் நைலான் வலைப் பைகளைப் பயன்படுத்தினார்கள். எடை தெரிந்த சருகைப் பையில் இட்டுத் தரையில் வைப்பது, சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பையை எடுத்து உலர்த்தி எஞ்சிய எடையைப் பார்ப்பது. முறை அவ்வளவுதான். சூழலியலில் இதைவிட மலிவான, இதைவிடப் பரவலான சோதனைகள் அதிகம் இல்லை.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் கிரேட் சிப்பவிசெட் என்ற சதுப்பு இருக்கிறது. அங்கே இவான் வலியெலாவும் அவருடைய குழுவினரும் பைகளை வைத்துச் செய்த ஆய்வு 1985இல் வெளியானது. சதுப்புச் சருகு மூன்று கட்டங்களில் மறைவதை அது காட்டியது.

முதல் கட்டம் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். வெந்நீரில் இட்ட தேயிலையிலிருந்து சாயம் இறங்குவது போல, ஓத நீர் பட்டதும் சருகின் சர்க்கரையும் உப்புகளும் கரையக்கூடிய பிற பொருள்களும் வெளியேறுகின்றன. இந்த ஒரு மாதத்தில் சருகின் எடையில் 5 முதல் 40 விழுக்காடு வரை போய்விடலாம். இரண்டாம் கட்டம் ஓராண்டு வரை நீளும். பாக்டீரியாவும் பூஞ்சையும் சுரக்கும் நொதிகள் செல்லுலோஸ் நாரை அறுக்க, மேலும் 40 முதல் 70 விழுக்காடு குறைகிறது. மூன்றாம் கட்டத்தில் வேகம் ஏறத்தாழ நின்றேவிடுகிறது. லிக்னின் போன்ற, எளிதில் உடையாத பொருள்கள் மட்டும் எஞ்சுகின்றன; தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவை இருக்கும்.

எடை மட்டுமே கணக்கல்ல. ஸ்பார்டினா இலையில் ஃபெருலிக் அமிலம் முதலிய ஃபீனால் வகைப் பொருள்கள் உண்டு. இலை மடிந்த பிறகும் கொஞ்ச காலம் அவை அதில் தங்கியிருக்கின்றன. சருகு தின்னும் நத்தைகளும் தத்துப்பூச்சி அளவே உள்ள ஓட்டுடலிகளும் அந்த அமிலம் மிகுந்த சருகைத் தவிர்ப்பதை 1979இல் வலியெலா குழு காட்டியது. கசப்பு கழுவிப் போன பிறகுதான் அவை வாய் வைக்கின்றன. அவை கடித்துத் துண்டாக்கினால் நுண்ணுயிர்களுக்கு மேற்பரப்பு கூடுகிறது, மட்குதல் விரைகிறது.

மட்கும் வரிசை தெரிந்ததும் ஹேன்ஸின் ஐசோடோப்புக் கணக்கிலும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே செடிக்குள் எல்லாப் பொருள்களிலும் கார்பன் 13 ஒரே அளவில் இருப்பதில்லை. லிக்னினில் அது முழுச் செடியைவிடச் சில அலகுகள் குறைவு. 1987இல் நேச்சர் இதழில் ரொனால்டு பென்னரும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சுட்டிக்காட்டினார்கள். செல்லுலோஸ் முதலில் தீர்ந்து லிக்னின் பின்தங்கும்போது, எஞ்சிய ஸ்பார்டினாவின் எண் மெல்ல மெல்லப் பாசியின் பக்கம் நகர்கிறது. அதாவது, புல்லின் அடையாளச் சீட்டே மட்கும்போது மாறுகிறது. கழிமுகத்தில் புல் இல்லை என்று சொன்னதில் ஒரு பகுதி, அடையாளம் மாறிய புல்லைக் கணக்கில் விட்டதால் இருக்கலாம்.

அதற்குச் சற்று முன்பே புரூஸ் பீட்டர்சனும் ராபர்ட் ஹோவர்த்தும் கார்பனோடு கந்தகம், நைட்ரஜன் ஐசோடோப்புகளையும் சேர்த்து அளக்கத் தொடங்கியிருந்தார்கள். சதுப்பில் வாழும் வரிச்சிப்பி புல்லையும் பாசியையும் கலந்தே உண்கிறது, சதுப்பின் உள்ளே போகப் போகப் புல்லின் பங்கு கூடுகிறது என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. கடலுக்கு ஒன்றுமே போகவில்லை என்பதும் சரியல்ல. சதுப்பின் உபரியில்தான் கடல் வாழ்கிறது என்பதும் சரியல்ல.

உதிராத இலை

பிச்சாவரத்தின் அலையாத்தி மரம் முற்றிய இலையை உதிர்க்கிறது. நீரிலோ சேற்றிலோ விழுந்த பிறகே அது மட்கத் தொடங்கும். நண்டுகள் இலையை வளைக்குள் இழுத்துச் செல்வதும் உண்டு. அப்படிப்பட்ட காட்டுக்கு நைலான் பை பொருத்தமான கருவிதான்.

ஸ்பார்டினா இலையை உதிர்ப்பதில்லை. கீழ் இலை பழுத்து, பழுப்பாகி, தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். இந்தச் சாதாரண உண்மையைப் பிடித்துக்கொண்டு, இதுவரை நடந்த பைச் சோதனைகளில் பெரும்பாலானவற்றைக் கேள்வி கேட்டவர் சேப்பலோ நிலையத்தின் ஸ்டீவன் நியூவெல். பச்சையாகவோ காய்ந்தோ இருக்கும் இலையை வெட்டி, உலர்த்தி, பையில் அடைத்துச் சேற்றில் போட்டால் அது இயற்கையில் நடக்காத ஒன்றை அளப்பதாகும் என்றார். அவர் இலைகளை வெட்டவில்லை. நின்ற இடத்திலேயே அவற்றுக்கு அடையாளம் கட்டி, வாரக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

அப்படிப் பார்த்தபோது தெரிந்த உலகம் வேறு. நின்றபடி மடிந்த இலைக்குள் பாக்டீரியா சிறுபான்மை, ஆட்சி பூஞ்சையுடையது. பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டீரால் என்ற பொருள் இருக்கிறது. செடியில் அது இல்லை. ஆகவே இலையில் எர்கோஸ்டீரால் எவ்வளவு என்று அளந்தால் உயிருள்ள பூஞ்சை எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். மடிந்த இலையில் இருக்கும் நுண்ணுயிர் எடையில் மிகப் பெரும் பங்கு பூஞ்சைதான் என்று நியூவெலின் அளவீடுகள் காட்டின. இலையில் எஞ்சிய நைட்ரஜனையும் பெரும்பாலும் பூஞ்சையே தன் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது.

பழுத்த இலை ஒன்றைக் கையில் எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரியும். ஃபியோஸ்ஃபேரியா ஸ்பார்டினிகோலா என்னும் பூஞ்சையின் கனியுடல்கள் அவை. இலைத் திசுவுக்குள்ளேயே இழைகளைப் பரப்பி, செல்லுலோஸையும் லிக்னினின் ஒரு பகுதியையும் அரித்துத் தின்கிறது அது. வெயிலில் இலை சுருண்டு காய்ந்தால் பூஞ்சை உறங்கும். பனியோ மழைத் தூறலோ ஓதமோ பட்டுவிட்டால் நிமிடங்களில் விழித்துக் கரியமில வாயுவை வெளியிடத் தொடங்கும். நனைந்த கனியுடல்களிலிருந்து வித்துகள் காற்றில் தெறிக்கும். சதுப்பில் மட்குதல் என்றதும் சேறும் நாற்றமும் நினைவுக்கு வரும். ஸ்பார்டினா இலையின் மட்குதலில் பெரும்பகுதி சேற்றைத் தொடாமலேயே, தரைக்கு மேல், காற்றில் முடிந்துவிடுகிறது.

டீலின் கணக்கில் கடலின் பேரில் எழுதிய மீதியில் ஒரு பங்கு இப்படிக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பூஞ்சையை நம்பி ஒரு நத்தையே பிழைக்கிறது. லிட்டொரேரியா இர்ரோராட்டா என்னும் அந்தச் சிறு நத்தை, ஓதம் ஏறும்போது புல் தண்டில் ஏறி, இறங்கும்போது கீழே வருவது வழக்கம். அது பச்சை இலையை அரத்தைப் போன்ற நாவால் நீளவாக்கில் கீறுகிறது. கீறிய இலையை அது அவ்வளவாகத் தின்பதில்லை. காயத்தின் மேலேயே எச்சமிடுகிறது. அந்த எச்சத்தில் பூஞ்சை வித்துகளும் நைட்ரஜனும் இருக்கின்றன. காயத்தில் பூஞ்சை வளர்ந்ததும் திரும்பி வந்து மேய்கிறது. 2003இல் பிரையன் சில்லிமனும் நியூவெலும் இதை வெளியிட்டபோது, பூச்சிகளுக்கு வெளியே பூஞ்சை வேளாண்மை நடக்கிறது என்ற செய்தி வியப்பாகப் பேசப்பட்டது.

வேளாண்மை அளவோடு நடக்கும்வரை புல்லுக்குச் சேதம் குறைவு. நத்தையை நீலநண்டு தின்கிறது. நண்டு முதலிய வேட்டை உயிர்கள் புகாதபடி வேலியிட்டு சில்லிமனும் மார்க் பெர்ட்னஸும் செய்த சோதனையில், நத்தை பெருகி, செழித்த புல்வெளி எட்டே மாதங்களில் வெறும் சேறாயிற்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் கடும் வறட்சி வந்தபோது பல இடங்களில் சதுப்புப் புல் பட்டுப்போனது. வறட்சியில் நலிந்த புல்லின் விளிம்பில் நத்தைகள் திரளாகச் சேர்ந்து சேதத்தைப் பெருக்கியதை 2005இல் சயன்ஸ் இதழ்க் கட்டுரை பதிவுசெய்தது.

சேற்றுக்குள் தங்குவது

இதுவரை சொன்னது தரைக்கு மேலே உள்ள புல்லின் கதை. ஸ்பார்டினாவின் உடலில் பாதிக்கும் மேல் பல இடங்களில் தரைக்குக் கீழே வேரும் கிழங்குத்தண்டுமாக இருக்கிறது. அது மடியும் இடத்தில் விதிகளே வேறு.

சதுப்புச் சேற்றில் ஆக்ஸிஜன் மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே இறங்குகிறது. அதற்குக் கீழே பூஞ்சைக்கு வேலை இல்லை. ஆனால் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. ஆக்ஸிஜனுக்குப் பதிலாக அந்த சல்பேட்டை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் கீழே ஆட்சி செய்கின்றன. அவை விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் சதுப்பை மிதித்ததும் எழும் அழுகிய முட்டை நாற்றம். இரும்போடு அந்தக் கந்தகம் சேர்வதால்தான் சேறு கறுத்திருக்கிறது. கிரேட் சிப்பவிசெட்டில் ஹோவர்த்தும் டீலும் 1979இல் வெளியிட்ட அளவீடுகள், நிலத்தடியில் நடக்கும் மட்குதலில் பெரும்பங்கு இந்த சல்பேட் வழியாகவே நடப்பதைக் காட்டின. உப்பு மிகுந்த சதுப்பு மீத்தேனைக் குறைவாக வெளியிடுவதற்கும் இதுவே காரணம்: சல்பேட் பாக்டீரியாக்களோடு போட்டியிட்டு மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே தலையெடுப்பதில்லை. நன்னீர்ச் சதுப்பில் அந்தத் தடை கிடையாது.

சல்பேட் பாக்டீரியாக்கள் செல்லுலோஸை உண்ணும் பிற பாக்டீரியாக்களின் கழிவை நம்பி வாழ்பவை. லிக்னின் அவற்றின் கைக்கு எளிதில் சிக்காது. ஆகவே வேர் முழுதாக மட்குவதில்லை. எஞ்சிய நார் ஆண்டுக்காண்டு படிந்து, ஓதம் கொண்டுவரும் வண்டலோடு சேர்ந்து, தரையை உயர்த்துகிறது. கேப் காட்டில் பார்ன்ஸ்டபிள் சதுப்பைத் துளையிட்டு ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு, சுமார் 4,000 ஆண்டுகளாகக் கடல்மட்டம் உயர உயர அந்தச் சதுப்பும் தன் மடிந்த வேர்களின் மேலேயே உயர்ந்து வந்திருப்பதை 1972இல் விவரித்தார்.

சதுப்பு உயிரோடு இருப்பதற்கு அதன் வேர்கள் முழுதாக மட்காமல் இருப்பதே காரணம். செயற்கைக்கோள்கள் அளக்கத் தொடங்கிய 1993க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து வருகிறது. புதைவதைவிட மட்குவது விரைந்தால் தரை பின்தங்கும், புல் மூழ்கும்.

2009இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ஓர் அறிக்கை ‘நீலக் கார்பன்’ என்ற சொல்லைப் பரப்பியது. உவர் சதுப்பு ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்குச் சராசரியாக 218 கிராம் கார்பனைப் புதைக்கிறது என்று 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. எண்ணிலடங்கா அறிக்கைகளில் இந்த எண் எடுத்தாளப்படுகிறது. ஆனால் புதைக்கும் வேகம் சதுப்புக்குச் சதுப்பு பல மடங்கு வேறுபடுகிறது. ஒரே சதுப்பிலும் நிலை மாறினால் மாறும்.

உரம் போட்ட ஓடை

நிலை எப்படி மாறும் என்பதற்குத் தெளிவான சான்று மாசசூசெட்ஸின் பிளம் ஐலண்ட் கழிமுகத்தில் கிடைத்தது. வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கடலோர நீரில் நைட்ரேட் கலப்பது உலகெங்கும் நடக்கிறது. சதுப்பு அதை உறிஞ்சிச் சுத்திகரித்துவிடும், புல்லும் செழிக்கும் என்பது பொதுவான எண்ணம். லிண்டா டீகனும் குழுவினரும் சோதனைக் குடுவையை விட்டுவிட்டு ஓடை முழுவதையுமே சோதனைக்களமாக்கினார்கள். ஓதம் ஏறும்போது நீரில் நைட்ரேட்டைக் கலந்து, புல் வளரும் பருவந்தோறும் ஒன்பது ஆண்டுகள் இதைச் செய்தார்கள்.

தரைக்கு மேலே புல் உயர்ந்தது. தரைக்குக் கீழே வேர் குறைந்தது: சத்து தாராளமாகக் கிடைக்கும்போது அதைத் தேடி வேர் பரப்ப வேண்டிய தேவை புல்லுக்கு இல்லை. அதே நேரத்தில் நுண்ணுயிர்களின் மட்கச் செய்யும் வேலை விரைந்தது. சேற்றைப் பிணைத்து வைத்திருந்த நார்கள் குறைய, மண் நொய்ந்தது. ஓடைக்கரைகளில் விரிசல் கண்டு, புல்லோடு கட்டி கட்டியாகச் சரிந்து நீரில் விழுந்தன. முதல் சில ஆண்டுகளோடு சோதனையை நிறுத்தியிருந்தால் உரத்தால் சதுப்பு செழிக்கிறது என்றே முடிவு எழுதியிருப்பார்கள். 2012இல் நேச்சர் இதழ் இந்த ஆய்வை வெளியிட்டது. நைட்ரேட் ஒரு சத்து மட்டுமல்ல, ஆக்ஸிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் சுவாசிக்க சல்பேட்டைவிட அதிக ஆற்றல் தரும் பொருள். அது கிடைத்தால் நெடுநாளாகத் தீண்டாமல் கிடந்த பழைய கரிமப் பொருளையும் அவை உடைக்கின்றன என்பதை 2019இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது.

கிரீன் டீயும் ரூய்போஸும்

ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் மட்கும் வேகத்தை ஒப்பிடுவதில் பழைய இடையூறு ஒன்று உண்டு. ஒருவர் ஸ்பார்டினாவைப் பையில் இடுவார், மற்றவர் நாணலை இடுவார், வேறொருவர் அலையாத்தி இலையை இடுவார். வேறுபாடு இடத்தாலா, இலையாலா என்று பிரிக்க முடியாது. 2013இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று இதற்கு ஒரு வழி சொன்னார்கள். உலகெங்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் லிப்டன் நிறுவனத்தின் நைலான் தேநீர்ப் பைகளில் இரண்டு வகை: எளிதில் மட்கும் கிரீன் டீ, மெல்ல மட்கும் ரூய்போஸ். இரண்டையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து, ஏறத்தாழ 90 நாள் கழித்துத் தோண்டி எடை பார்ப்பது. இரண்டின் எடை இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் மட்கும் வேகமும், மட்காமல் நிலைக்கும் பங்கும் தெரிந்துவிடும்.

பீட்டர் முல்லர் முன்னின்ற குழு இதே முறையில் உலகின் 30 ஓதச் சதுப்புகளை ஒப்பிட்டு 2018இல் முடிவை வெளியிட்டது. வெப்பம் கூடிய இடங்களில் மட்கும் வேகம் பெரிதாக மாறவில்லை, ஆனால் மட்காமல் நிலைக்கும் பங்கு குறைந்தது. தாழ்வான, அடிக்கடி மூழ்கும் இடங்களிலும் அந்தப் பங்கு குறைந்தது. மூழ்கினால் ஆக்ஸிஜன் குறையும், மட்குதல் தடைப்படும், கார்பன் பத்திரமாக இருக்கும் என்ற பாடநூல் கருத்துக்கு இது நேர்மாறு. உரம் போட்ட பிளம் ஐலண்ட் சதுப்பிலும் அதே போக்கு தெரிந்தது.

2024இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது: 28 நாடுகள், 180 ஈரநிலங்கள், சுமார் 19,000 தேநீர்ப் பைகள். மெல்ல மட்கும் ரூய்போஸ், எந்த வகை ஈரநிலமானாலும் வெப்பம் கூடிய இடத்தில் கூடுதலாகவே மட்கியது. எளிதில் மட்கும் கிரீன் டீ அப்படி இல்லை. நன்னீர் ஈரநிலங்களில் வெப்பத்தோடு கூடியது, அலையாத்திக் காட்டிலும் கடற்புல் வெளியிலும் குறைந்தது. மண்ணில் நெடுங்காலம் தங்க வேண்டியது ரூய்போஸ் வகைப் பொருள்தான். ஆகவே இம்முடிவு கவலைக்குரியது.

கணக்கில் சேர வேண்டிய வரி

தமிழகக் கரையில் ஸ்பார்டினாப் புல்வெளிகள் இல்லை. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகளும், அவற்றின் ஓரத்து உப்புத் தரைகளில் உமரிச் செடிகளும் இருக்கின்றன. இலை உதிரும் விதம், நண்டுகளின் பங்கு, மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் நன்னீர் எல்லாமே இங்கே வேறு. ஜார்ஜியாவின் எண்களையோ மாசசூசெட்ஸின் எண்களையோ அப்படியே எடுத்து இங்கே பொருத்த முடியாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி இங்கும் பொருந்தும்: மடிந்தது எங்கே போகிறது?

கடலோர ஈரநிலங்களை மீட்கும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டை எண்ணுகின்றன: நட்ட கன்றுகள், பச்சை பிடித்த ஹெக்டேர்கள். இரண்டும் தரைக்கு மேலே உள்ளவை. உரம் போட்ட பிளம் ஐலண்ட் ஓடையை அந்த இரண்டு அளவுகோலால் மட்டும் பார்த்திருந்தால், கரை சரியும் நாள்வரை அதற்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். கார்பன் சேமிப்பின் பேரில் பணம் கைமாறத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட மதிப்பெண் ஆபத்தானது.

வேரின் அளவு, சேற்றுக்குள் மட்கும் வேகம், தரை ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது அல்லது தாழ்கிறது, ஓடை நீரில் நைட்ரேட் எவ்வளவு: இந்த நான்கையும் சேர்த்து அளக்காமல் ஒரு சதுப்பு இவ்வளவு கார்பனைச் சேமிக்கிறது என்று சொல்வது, 1962இல் உதைத்த மீதியைக் கடலின் பேரில் எழுதியதைவிட நம்பத்தகுந்த கணக்கு ஆகாது. மட்கும் வேகத்தை அளக்க ஆகும் செலவு சில தேநீர்ப் பைகளும் ஒரு தராசும்தான். கன்று நடும் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கடலோரப் பள்ளிகளும் அந்த அளவீட்டை ஆண்டுதோறும் செய்து, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.